வலி ஊசி என்றால் எந்த ஊசி?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: "33 வாரம், தலைச்சன். வலியை நினைத்தால் தூக்கம் வரவில்லை. எபிடியூரல் போட்டுக்கொள்ளலாமா என்றால், முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்கிறார் மாமியார். 'நாங்கள்லாம் பெத்துக்கலையா' என்கிறார் அம்மா. ஊசி இல்லாமல் சமாளிக்க வழி உண்டா? ஊசி போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?"

நான் மயக்க மருத்துவர். இரண்டு பிள்ளை பெற்றவள். எபிடியூரல் என்பது பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து கொடுக்கும் முறை. முதல் பிரசவத்தில் அது எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டாவதில் போட்டுக்கொண்டேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒரு சொல் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது பிரசவ வார்டில் பார்த்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், "சிஸ்டர், வலி ஊசி போடுங்க சிஸ்டர்" என்று அழுதாள். சிஸ்டர் திரும்பிப் பார்த்து, "போட்டாச்சேம்மா, அதான் டிரிப் ஓடுது பாரு" என்றார். இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் அவள் கேட்டது வலியைக் குறைக்கும் ஊசி. அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது வலியை வரவைக்கும் ஆக்ஸிடோசின்.

நம் ஊரில் 'வலி' என்றாலே பிரசவம்தான். வலி வந்துருச்சா, வலி பத்தலை, வலி நின்னுபோச்சு, நல்ல வலி. வேறு எந்த வலிக்காவது 'நல்ல' என்று அடைமொழி போடுவோமா? இப்படிப் பேசிப் பழகிய இடத்தில் ஒரு பெண் "வலியைக் குறைங்க" என்றால், பிரசவத்தையே நிறுத்தச் சொல்வது போலத்தான் காதில் விழும். போதாததற்கு, கர்ப்பப்பை வாய் சீக்கிரம் திறக்கட்டும் என்று டிரோடாவெரின், வாலெத்தமேட் போன்ற ஊசிகளை இடுப்பில் போடுவார்கள். அவை போடப்படுவது வலியைக் குறைக்க இல்லை. ஆனால் போட்டுக்கொண்டவர், "ஊசி போட்டும் வலி அடங்கலை" என்று பயந்துபோவார். ஆகவே எந்த ஊசி வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வலி வர்றதுக்கா, வலி குறையறதுக்கா, வாய் திறக்கறதுக்கா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

இனி வலியின் கணக்கு. நல்ல வலி எடுத்த பிறகு 10 நிமிடத்தில் 3 அல்லது 4 முறை கர்ப்பப்பை இறுகும். ஒவ்வொன்றும் 40 முதல் 60 விநாடி. 4 வலி, 50 விநாடி என்று வைத்தால், 600 விநாடியில் 200 விநாடி வலி, 400 விநாடி ஓய்வு. வலியின் நடுவில் இருப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அடிக்க வருவார். அதனால்தான் இப்போதே சொல்கிறேன். மலையேறுவது போல அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சி கொஞ்ச நேரம்தான். இடைவெளியில் உடம்பைத் தளர விடுபவர்கள் கடைசியில் முக்குவதற்குத் தெம்போடு இருக்கிறார்கள். இடைவெளியிலும் அடுத்ததை நினைத்து விறைத்துக்கொண்டிருப்பவர்கள் பாதி வழியிலேயே களைத்துப்போகிறார்கள்.

"ரெண்டு விரல் திறந்திருக்கு" என்று ஆரம்பத்தில் சொல்வார்களே, அந்தக் கட்டம் தலைச்சனுக்கு ஒரு நாள்கூட நீளும். 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 5 செ.மீ. திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குவதாக எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது என்கிறது. ஆகவே முதல் வலிக்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுக்கவேண்டியதில்லை. வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்து 'சூட்டு வலியா' என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும், கெடுதல் இல்லை. கஞ்சி குடியுங்கள், தூங்க முடிந்தால் தூங்குங்கள், வெந்நீரில் குளியுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ இந்தப் பேச்சே இல்லை, உடனே கிளம்பவேண்டும். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். வாந்தியும் பேதியுமாக, உடம்பில் நீர் வற்றி வார்டுக்கு வருபவரைத் தேற்றவே எங்களுக்கு நேரம் போய்விடும்.

ஊசி இல்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது மூச்சுப் பயிற்சி இல்லை. பக்கத்தில் ஓர் ஆள். வலி தொடங்கியதிலிருந்து பிரசவம் வரை ஒருவர் விடாமல் கூட இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, மருந்தின் தேவை குறைகிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது இது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வழிகாட்டுதல் தந்தது. பெரும்பாலும் பெண் உறவினரைத்தான் விடுவார்கள். திரை, தடுப்பு உள்ள இடங்களில் கணவரையும் விடலாம்.

அந்த ஆள் என்ன செய்யவேண்டும் என்பதை நான் கற்றது எந்தப் பாடத்திலும் இல்லை. என் முதல் பிரசவத்தில் குழந்தை மல்லாந்த நிலையில் இருந்தது. அதன் பின்மண்டை என் முதுகெலும்பில் இடித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் வலியே தெரியவில்லை, எல்லாம் இடுப்பில். அந்த மருத்துவமனையில் இரவில் மயக்க மருத்துவர் கிடையாது. மயக்க மருத்துவரான நான் அதை முன்கூட்டிக் கேட்டுவைக்கவில்லை என்பது தனி வெட்கம். ஓய்வு பெறும் வயதில் ஓர் ஆயாம்மா பெருக்கிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டுக் கையைக் கழுவிவந்து, என்னை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்பெலும்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். தேய்க்கவில்லை, தடவவில்லை. சுவரைத் தள்ளுவதுபோல் தள்ளினார். அந்த 50 விநாடியும் வலி பாதியாக வடிந்தது. "வலி ஏறும்போது சொல்லு, நான் ஏறுறேன்" என்றார். விடியும்வரை அப்படியே செய்தார்.

இடம் இதுதான்: பின்பக்கம் இடுப்பின் கீழே இரண்டு சிறு குழிகள் தெரியும். அந்தக் குழிகளுக்கு நடுவிலிருந்து பிட்டப் பிளவு தொடங்கும் இடம் வரை உள்ள தட்டை எலும்பு. அழுத்துபவர் முழங்கையை மடக்காமல், தன் உடம்பின் எடையைக் கையில் இறக்கவேண்டும். வலி தொடங்கும்போதே அழுத்தம் தொடங்கவேண்டும், இறங்கும்போது மெல்ல விடவேண்டும். கை வழுக்காமல் இருக்கவும் தோல் உரியாமல் இருக்கவும் நடுவில் ஒரு துணியை மடித்து வைக்கலாம். இரு இடுப்பெலும்புகளையும் இரு உள்ளங்கையால் பக்கவாட்டில் சேர்த்து அழுத்துவது இன்னொரு முறை. சிலருக்கு அது பிடிக்கும். சிலருக்கு அந்த நேரத்தில் யார் தொட்டாலும் பிடிக்காது. அதுவும் சரிதான், கையை எடுத்துவிடவேண்டும்.

மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி, உங்களுக்கு மயக்கமும் குழந்தைக்கு ரத்தக் குறைவும் வரலாம். நடக்கலாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் சாய்ந்து உட்காரலாம், கட்டிலில் முட்டி போட்டுத் தலையணையைக் கட்டிக்கொள்ளலாம். முதல் கட்டத்தில், அதாவது கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரை, நிமிர்ந்த நிலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டிரிப் ஓடினாலும் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மக்கில் வெதுவெதுப்பான நீரை இடுப்பில் ஊற்றச் சொல்லுங்கள். இதற்குக் காசு இல்லை, சீட்டு இல்லை. மணிக்கொரு தடவை சிறுநீர் கழியுங்கள். நிரம்பிய மூத்திரப்பை வலியைக் கூட்டும், குழந்தை இறங்கும் வழியையும் அடைக்கும்.

மூச்சைப் பற்றி ஒரே விஷயம். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். வாயைக் குவித்துச் சூடான காப்பியை ஊதுவதுபோல. சத்தம் போடவேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து 'ஊ' என்று முனகுங்கள். கீச்சென்று கத்தினால் தொண்டையும் தோளும் இறுகும், சீக்கிரம் களைத்துவிடும். முனகுவதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டாம்.

மருந்துகளுக்கு வருகிறேன். முகமூடி வழியாக இழுக்கும் வாயு ஒன்று உண்டு. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். என்டோனாக்ஸ் என்பார்கள். எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தால், முகமூடியை நீங்களேதான் பிடிக்கவேண்டும். வேலை செய்ய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் வலி எட்டிப்பார்க்கும்போதே இழுக்கத் தொடங்கவேண்டும். உச்சியில் இழுத்தால் வலி போன பிறகு தலைசுற்றல்தான் மிஞ்சும்.

அடுத்தது பெத்திடின், பென்டாசோசின், டிரமடால் ஊசிகள். வலியைக் கொஞ்சம் குறைக்கும், தூக்கத்தை நிறையக் கொடுக்கும், குமட்டும். ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்தால் அதுவும் சொக்கிப்போய், மூச்சு விட மந்தமாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்தும் உபகரணமும் தயாராக இருக்கவேண்டும். எனக்கு இவற்றின்மேல் பெரிய மோகம் இல்லை. ஆனால் இரண்டு இரவு தூங்காமல், வாய் இன்னும் சரியாகத் திறக்காமல் துவண்டு கிடப்பவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதையும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

எபிடியூரல்தான் இருப்பதில் வலுவானது. எப்படிப் போடுகிறோம் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகைப் பூனைபோல் வளைக்கச் சொல்வோம். முதுகில் ஜில்லென்று மருந்து தடவுவோம். தோல் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அது சுருக்கென்று இருக்கும். அதற்குப் பிறகு தெரிவது அழுத்தம்தான். தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே உள்ள இடத்தைத் தேடிப்போய், நூல் போன்ற குழாயை உள்ளே விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவோம். ஊசி முதுகிலேயே இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். குழாய் மட்டும்தான் இருக்கும். அதை முதுகோடு ஒட்டித் தோள்பக்கம் கொண்டுவந்துவிடுவோம். இடையில் வலி வந்தால் "வருது" என்று சொல்லுங்கள், நிறுத்திக் காத்திருப்போம். 15, 20 நிமிடத்தில் கூர்மை மழுங்கும். வயிறு இறுகுவது தெரியும், அதன் பல் தெரியாது. இப்போது பயன்படுத்துவது 0.1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ உள்ள புப்பிவகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து, கூடச் சிறிதளவு ஃபென்டனில் என்ற வலி குறைக்கும் மருந்து. சிசேரியனுக்குப் போடுவதைவிட மிக மெல்லிய கலவை. கால் கனக்கலாம், ஆனால் மரக்கட்டையாகிவிடாது.

மாமியாரின் முதுகுவலிக்கு வருவோம். எபிடியூரல் போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு பக்கமும் ஒரே அளவுதான். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் முதுகு வலிக்கிறது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள் இறுக மாதங்கள் ஆகும். அதற்குள் கூனிக் குறுகிப் பால் கொடுக்கிறோம், தரையில் உட்கார்ந்து குளிப்பாட்டுகிறோம், தூக்கிக்கொண்டே திரிகிறோம். இன்னொன்று: நம் ஊரில் 'முதுகுல ஊசி' என்று பேசப்படுவது பெரும்பாலும் சிசேரியனுக்குப் போடும் ஸ்பைனல். அது வேறு ஊசி, வேறு இடம். சிசேரியன் ஆனவரின் முதுகுவலிப் பழி அதன்மேல் விழுந்து, அங்கிருந்து எபிடியூரல்மேல் தாவியிருக்கிறது. குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான்.

உண்மையான குறைகள் வேறு. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், அதனால்தான் அடிக்கடி அளப்போம். உடம்பு அரிக்கும், நடுங்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். சிறுநீர் வருவது தெரியாமல் குழாய் போடவேண்டிவரும். ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு உறை துளைபட்டு, மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது. 8 அல்லது 10 பேரில் ஒருவருக்கு அது சரியாக வேலை செய்யாது; ஒரு பக்கம் மட்டும் மரத்து, மறுபக்கம் வலித்துக்கொண்டே இருக்கலாம். குழாயைச் சரிசெய்யவோ மறுபடி போடவோ வேண்டிவரும். இதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவர் உங்களுக்கு முழு விவரம் சொல்லவில்லை.

எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை. முக்கும் கட்டம் சற்று நீளும். பழைய, கனத்த கலவைகளின் காலத்தில் குழந்தையை வெளியே எடுக்க வேக்குவம், ஃபோர்செப்ஸ் கருவிகளின் தேவை கூடியது. 2005க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிறந்தவுடன் குழந்தையின் நிலையை அளந்து போடும் ஆப்கார் மதிப்பெண்ணிலும் மாற்றம் இல்லை. (அந்த மதிப்பெண்ணை வகுத்த வெர்ஜீனியா ஆப்காரே ஒரு மயக்க மருத்துவர்தான். எங்கள் துறைப் பெருமை, சொல்லாமல் விட மனமில்லை.) ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுபவர்கள், ஊசி போடும் இடத்தில் சீழ்ப்புண் உள்ளவர்கள் ஆகியோருக்குப் போடமாட்டோம். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் முன்பே சொல்லுங்கள். "இத்தனை விரல் திறந்தால்தான் போடுவோம்" என்று காத்திருக்க வைக்கவேண்டிய அவசியம் இல்லை. பெண் கேட்பதே போதுமான காரணம்.

உங்கள் அம்மா சொன்னது புதிய வாதம் இல்லை. வலியைக் குறைப்பது இயற்கைக்கும் இறைவனுக்கும் எதிரானது என்று 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனிலும் பேசினார்கள். 1853 ஏப்ரலில் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்கு மருத்துவர் ஜான் ஸ்னோ கைக்குட்டையில் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தை விட்டு முகரக் கொடுத்த பிறகு பேச்சு மெல்ல அடங்கியது. உங்கள் அம்மாவோடு வாதாடவேண்டாம். "உனக்கு எப்படி இருந்துச்சும்மா, யார் கூட இருந்தாங்க?" என்று கேட்டுப்பாருங்கள். என் அம்மாவிடம் நான் கேட்டபோது ராத்திரி 11 மணி. அவர் பேசி முடிக்கும்போது பால்காரர் வந்துவிட்டார்.

யாரும் எச்சரிக்காத ஒரு வலி தையல் வலி. குழந்தை வந்த பிறகு கிழிந்த இடத்தையோ வெட்டிவிட்ட இடத்தையோ தைக்கும்போது லிக்னொகெய்ன் ஊசி போட்டு மரக்கவைக்கவேண்டும். மரக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வேலை அவசரத்தில் ஊசி போட்ட கையோடு தைக்க ஆரம்பித்துவிடுவது உண்டு. "இன்னும் மரக்கலை, கொஞ்சம் இருங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். பிரசவ வலியை மறந்தவர்கள்கூடத் தையலை மறக்காததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது "ஆசைப்படும்போது தெரியலையா" என்று பேசினால், அது பேச்சு இல்லை, வசவு. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டம் பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பையும் தரத்தின் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது.

இப்போது செய்யவேண்டியது. 36வது வாரச் செக்கப்பில் நேரடியாகக் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் மயக்க மருத்துவர் கட்டடத்திலேயே இருப்பாரா, போன் போட்டு அழைக்கவேண்டுமா? எபிடியூரலுக்குத் தனிக் கட்டணமா, எவ்வளவு? துணைக்கு ஒருவரைக் கடைசிவரை விடுவீர்களா? நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் எபிடியூரல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கடைசி இரண்டு கேள்விக்கும் அங்கேயும் 'சரி' என்ற பதில் வரவேண்டும். போட்டுக்கொள்வதாக முடிவெடுத்துவிட்டு அன்று வேண்டாம் என்று தோன்றலாம். வேண்டாம் என்று போய்விட்டு நடுவில் கேட்கலாம். என் இரண்டாவது பிரசவத்தில் எபிடியூரல் ஏறும்வரை 2 மணி நேரம் என் தங்கைதான் இடுப்பை அழுத்தினாள். ஆயாம்மா காட்டிய இடத்தை முன்பே அவளுக்குப் பழக்கியிருந்தேன்.

உங்களோடு உள்ளே வரப்போவது யார் என்று இந்த வாரமே முடிவு செய்துவிடுங்கள். மாமியார் என்றாலும் நல்லதுதான். இன்று ராத்திரி ஒருக்களித்துப் படுத்து, அந்த இரண்டு குழிக்குக் கீழே கையை வைத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள். இடம் தப்பினால் சொல்லிக்கொடுக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.